பன்னிரண்டு நொடி தரும் ஆடை: பந்தய ஓட்டுநரின் தீத்தடுப்பு உடைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

கார் பந்தய ஓட்டுநர் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடி அணியும் ஒற்றை உடையான ஓவராலில் எஃப்.ஐ.ஏ. 8856-2018 என்று ஒரு எண் தைக்கப்பட்டிருக்கும். எஃப்.ஐ.ஏ. என்பது உலகக் கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பு, எண் அது வகுத்த தரநிலை. அந்த எண் ஓவராலுக்கு விதிக்கும் முதன்மையான நிபந்தனை 12 நொடி. குறிப்பிட்ட அளவு வெப்பம் வெளியிலிருந்து இடைவிடாமல் தாக்கும்போது, துணியின் உட்புறம் தோல் வேகும் அளவுக்குச் சூடேறக் குறைந்தது 12 நொடியாவது ஆக வேண்டும். தாங்கும் நேரத்தில் அதற்கு மேல் எதையும் அந்த எண் உறுதி செய்யவில்லை.

2020 நவம்பர் 29 அன்று, பஹ்ரைன் கிராண்ட் பிரியின் முதல் சுற்றில், ஃபார்முலா 1 ஓட்டுநர் ரோமன் குரோஜான் தீயிலிருந்து வெளியே வர 27 நொடி ஆனது. மூன்றாம் வளைவைத் தாண்டியதும் நிலைகுலைந்த அவருடைய ஹாஸ் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதி, அதைப் பிளந்துகொண்டு உள்ளே செருகியது. மோதல் விசை 67 ஜி, அதாவது புவியீர்ப்பின் 67 மடங்கு. எரிபொருள் தொட்டியைப் பார்வையிட வைத்திருக்கும் இடப்பக்க மூடி பெயர்ந்தது, தொட்டியோடு சேரும் எரிபொருள் இணைப்பும் பிய்ந்தது. மோதலின் கடைசிக் கணத்தில் பின்புறம் பற்றிய தீ முன்னோக்கிப் பரவியது. இடது கால் சிக்கிக்கொண்டதால் ஷூவை உள்ளேயே விட்டுவிட்டுக் காலை உருவி எடுத்தார். அவருக்கு ஏற்பட்ட முக்கியமான தீக்காயம் புறங்கைகளில். உடம்பின் பெரும்பகுதி தப்பியது.

12 நொடிக்குச் சோதித்த உடை 27 நொடி தாங்கியதற்கும், அதே தீயில் கைகள் மட்டும் வெந்ததற்கும் ஒரே விளக்கம்தான். உடை தீயை நிறுத்துவதில்லை, ஆளுக்கு நேரம் வாங்கித் தருகிறது. அந்த நேரத்தில் ஒரு பங்கு நூலில் இருக்கிறது, இன்னொரு பங்கு அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றில் இருக்கிறது. நூலின் பங்கைத் தயாரிப்பாளரும் சோதனைக்கூடமும் பார்த்துக்கொள்வார்கள். காற்றின் பங்கு அணிபவர் கையில். பந்தயக் களங்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பங்கைத்தான் தின்கின்றன.

எரியாமல் இருப்பது வேறு, சுடாமல் இருப்பது வேறு

தீத்தடுப்பு உடை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தரநிலை அதை இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேட்கிறது.

முதல் கேள்வி: துணி தானே பற்றிக்கொள்கிறதா? இதற்கு ஐ.எஸ்.ஓ. 15025 என்ற சோதனை. செங்குத்தாகத் தொங்கவிட்ட துணியின் முகப்பில் சிறிய எரிவாயுச் சுடரை 10 நொடி காட்டி எடுத்துவிடுவார்கள். சுடரை எடுத்த பிறகு துணி 2 நொடிக்கு மேல் எரியக் கூடாது. உருகிச் சொட்டக் கூடாது. ஓட்டை விழுகிறதா, தையல் பிரிகிறதா என்றும் பார்ப்பார்கள். துணி தேறி, அதைத் தைத்த நூல் உருகினால் பயனில்லை. கை கழன்று விழுந்த சட்டை யாரையும் காப்பாற்றாது. அதனால் தையலுக்கும் தீத்தடுப்பு நூலே வேண்டும்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது: துணி எரியாவிட்டாலும், வெப்பம் எவ்வளவு வேகமாக உள்ளே வருகிறது? இதற்கான சோதனை ஐ.எஸ்.ஓ. 9151. துணி மாதிரியைப் படுக்கை வாட்டில் விரித்து, கீழிருந்து வாயு அடுப்பின் சுடரைப் பாய்ச்சுவார்கள். வெப்பத்தின் அளவு சதுர மீட்டருக்கு 80 கிலோவாட். துணிக்கு மேல் ஒரு செம்புத் தட்டு இருக்கும், அதோடு வெப்பநிலை உணரி இணைந்திருக்கும். தட்டின் வெப்பநிலை தொடக்கத்தைவிட 24 டிகிரி செல்சியஸ் கூடுவதற்கு எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பார்கள். அந்த எண்ணுக்குப் பெயர் ஹெச்.டி.ஐ. 24. தோலில் கொப்புளம் எழும் இரண்டாம் நிலைத் தீக்காயத்துக்குத் தோராயமான அடையாளமாக இதைக் கொள்கிறார்கள். கூடவே 12 டிகிரி கூடும் நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, வலி தெரியத் தொடங்கியதிலிருந்து காயம் ஏற்படும்வரை ஆளுக்குக் கிடைக்கும் அவகாசத்தைக் காட்டும்.

பழைய தரநிலையான 8856-2000, ஓவராலுக்கு 11 நொடி கேட்டது. 2018-இல் வந்தது 12 ஆக்கியது. ஒரே ஒரு நொடிதானே என்று தோன்றும். எடையும் தடிமனும் கூடாமல் அந்த ஒரு நொடியைக் கொண்டுவருவது நெசவாலைக்கு எளிய வேலை இல்லை. ஓவராலை இன்னும் கனமாக்கினால் ஓட்டுநர் வியர்வையில் குளிப்பார், அசைவு தடைபடும், வெப்பச் சோர்வில் தவறு செய்வார். தரநிலை எழுதுபவர்கள் எப்போதும் இந்த இழுபறிக்குள்தான் நிற்கிறார்கள்.

மனிதத் தோலைப் பற்றி ஓர் எண் தெரிந்திருப்பது நல்லது. தோல் 44 டிகிரி அளவைத் தாண்டியதும் சேதம் தொடங்கிவிடும். வெப்பநிலை ஏற ஏறச் சேதத்தின் வேகம் பல மடங்காகும், 72 டிகிரியை ஒட்டி அது கிட்டத்தட்ட உடனடி. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஆலிஸ் ஸ்டோல் தலைமையில் நடந்த ஆய்வுகள் இந்த உறவை ஒரு வளைகோடாக வரைந்தன. இன்று உலகில் பயன்படும் தீக்காய அளவீடுகள் பலவும் அந்த வளைகோட்டின் வழிவந்தவை.

இடையில் நிற்கும் காற்று

ஓவரால் ஒன்றுக்குத்தான் 12 நொடி. அதற்குள்ளே ஓட்டுநர் முழுக்கை உள்ளாடை, முழுக்கால் உள்ளாடை, காலுறை, தலையை மூடும் பாலக்ளாவா அணிந்திருக்க வேண்டும். உள்ளாடைக்கும் காலுறைக்கும் தனித்தனியே 5 நொடி. கணக்கு 12-ஐயும் 5-ஐயும் கூட்டி 17-இல் நின்றுவிடுவதில்லை. இரண்டு அடுக்குக்கு நடுவே அசையாமல் நிற்கும் மெல்லிய காற்றும் ஒரு தடுப்பு. காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். ஓவராலுக்குள்ளேயே இரண்டு மூன்று துணி அடுக்குகளைத் தளர்வாகச் சேர்த்திருப்பதும் இதற்காகத்தான்.

அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும் யாருக்கும் இது தெரிந்த சங்கதி. கரித்துணியை நாலாக மடித்துப் பிடித்தால் கை தாங்கும். இறுக்கி அழுத்தினால் சீக்கிரம் சுடும். ஈரத்துணி என்றால் பிடித்த கணமே கையை உதற வேண்டியிருக்கும். ஓவராலிலும் இந்த மூன்றும் அப்படியே பொருந்தும்.

ஆகவே உடம்போடு ஒட்டித் தைத்த ஓவரால் ஒளிப்படத்தில் அழகாக இருக்கலாம், பாதுகாப்பில் குறைந்தது. எஃப்.ஐ.ஏ. விதிகளின் பின்னிணைப்பு எல், மிக இறுக்கமான உடை பாதுகாப்பைக் குறைக்கும் என்றே எச்சரிக்கிறது. ஓவராலின் அளவைக் கண்ணாடி முன் நின்று பார்க்கக் கூடாது. பந்தய இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, பெடலில் கால் வைத்துப் பார்க்க வேண்டும். நிற்கும்போது மணிக்கட்டுவரை வரும் கை, உட்கார்ந்து நீட்டினால் இரண்டு விரற்கடை மேலே ஏறிவிடும். கணுக்காலிலும் அப்படியே. தொடை, தோள், முழங்கால் மூன்றிலும் உட்கார்ந்த நிலையில் துணி இழுபடும், இழுபடும் இடத்தில் காற்று இருக்காது. சிறந்த ஓவரால்களில் முதுகிலும் தோள்பட்டையிலும் நீளக்கூடிய பின்னல் துணிப் பட்டைகள் வைப்பதன் காரணம் இதுதான். இந்தப் பட்டைகளும் அதே சோதனையில் தேற வேண்டும்.

தோலோடு படும் முதல் துணிக்குத் தனிக் கவனம் வேண்டும். பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரியில் உருகும். நைலானில் வகையைப் பொறுத்து 220-இலிருந்து 260 வரை. வெளி ஓவரால் பற்றாமல் நின்றாலும், உள்ளே வரும் வெப்பத்தில் செயற்கை இழை பனியன் தோலில் ஒட்டிக்கொண்டால் மருத்துவர் அதைப் பிரித்தெடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். அதனால்தான் தோலைத் தொடும்படி தீத்தடுப்பு இல்லாத செயற்கை இழை உள்ளாடை அணிவதை விதி தடுக்கிறது. ஜிம்முக்குப் போட்டுக்கொள்ளும் வியர்வை உறிஞ்சும் டீ-ஷர்ட்டை உள்ளே போட்டுக்கொள்வது இந்த வகையில் மிகப் பரவலான, மிக ஆபத்தான பழக்கம். பெண் ஓட்டுநர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வழக்கமான ஸ்போர்ட்ஸ் பிராக்கள் பெரும்பாலும் நைலான், பாலியெஸ்டர், எலாஸ்டேன் போன்ற உருகும் இழைகள்தான். தீத்தடுப்பு இழையில் செய்த பிராக்கள் இப்போது கிடைக்கின்றன, பலர் இன்னும் கேட்டு வாங்குவதில்லை.

நோமெக்ஸும் மற்றவையும்

ஓவரால்களின் அடிப்படை இழை மெட்டா-அராமிட். டூபாண்ட் நிறுவனத்தின் நோமெக்ஸ் என்ற பெயரில் அது பரவலாக அறியப்பட்டது. பருத்தி இயல்பான காற்றில் தயங்காமல் எரியும். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, பருத்தி எரிய 18 போதும். நோமெக்ஸ் தொடர்ந்து எரிய 28-க்கு மேல் வேண்டும், அதனால் சுடர் விலகியதும் அணைந்துவிடும். அது உருகுவதும் இல்லை. 370 டிகிரியை ஒட்டிக் கரியாகத் தொடங்கும். கரியாகும்போது இழை சற்றே உப்பித் தடிக்கும், நூல்களுக்கு நடுவே உள்ள கண்கள் அடைபடும். அந்தத் தடிப்பே சில நொடிகளைக் கூட்டித் தருகிறது.

கரியான நோமெக்ஸ் நொறுங்கக்கூடியது. தீயில் கரிந்த துணி உடம்பு அசைந்தால் பிளந்துவிடலாம். இதைத் தடுக்க வலுவான பாரா-அராமிட் இழையைச் சிறிதளவு கலப்பார்கள். நோமெக்ஸ் த்ரீ-ஏ என்ற பெயரில் விற்கும் கலவையில் 93 விழுக்காடு நோமெக்ஸ், 5 கெவ்லார் என்ற பாரா-அராமிட், 2 நிலைமின்சாரம் தேங்காமல் பார்த்துக்கொள்ளும் இழை. உள்ளாடைகளில் தீத்தடுப்பு விஸ்கோஸையும் மோடாக்ரிலிக்கையும் கலந்து மென்மை கூட்டுகிறார்கள்.

விலை குறைந்த உடைகளில் சில, மருந்து ஏற்றிய பருத்தியால் ஆனவை. பாஸ்பரஸ் சேர்மத்தை இழைக்குள் பதிய வைத்தது. புதிதாக இருக்கும்போது சுடரை நன்றாகத் தாங்கும். குளோரின் ப்ளீச்சில் ஊறவைத்தால் அந்தத் தன்மை போய்விடும். இழையின் பிறவிக் குணமாக இல்லாமல் பூசிப் பெற்ற குணமாக இருப்பதால், சலவை முறையில் கைவைத்தால் உடையின் உயிரிலேயே கைவைத்ததாகும். மெக்கானிக்குகளுக்கு இது பொருந்தலாம். வாரத்துக்கு ஒரு முறை துவைக்கும் ஓட்டுநருக்கு இயல்பிலேயே எரியாத இழைதான் ஏற்றது.

இந்த இழை வருவதற்கு முன் என்ன இருந்தது என்று பார்த்தால் இதன் அருமை புரியும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஓட்டுநர்கள் சாதாரணப் பருத்தி ஓவராலை போரிக் அமிலம் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டார்கள். அது உடம்பை அரிக்கும், மூச்சுக்கும் தொந்தரவு. 1964 மே 24 அன்று சார்லட் ஓட்டத்தில் 'ஃபயர்பால்' ராபர்ட்ஸ் தீயில் சிக்கினார், ஜூலை 2 அன்று இறந்தார். அவர் விபத்துக்கு ஆறு நாள் கழித்து, இண்டியானாபொலிஸ் 500-இல் எடி சாக்ஸும் டேவ் மெக்டானல்டும் பெட்ரோல் தீயில் மடிந்தார்கள். 1967-இல் மொனாக்கோவில் லொரென்சோ பந்தீனி. அந்த ஆண்டை ஒட்டித்தான் பில் சிம்ப்சன் போன்றவர்கள் நோமெக்ஸ் ஓவரால்களைப் பந்தயத்துக்குள் கொண்டுவந்தார்கள். சிம்ப்சன் தன் உடையை அணிந்துகொண்டு தன்மேலேயே தீ வைக்கச் சொல்லிக் காட்டிய மனிதர்.

உடை மட்டும் எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. 1973-இல் ஸாண்ட்வோர்ட்டில் ரோஜர் வில்லியம்சன் கவிழ்ந்த காருக்குள் மாட்டி இறந்தபோது இல்லாமல் போனது ஆட்களும் அணைப்பான்களும்தான். 1976 ஆகஸ்ட் 1 அன்று நூர்பர்கிரிங்கில் நிக்கி லாடாவுக்குத் தலைக்கவசம் நழுவியது. முகமும் தலையும் வெந்தன, நச்சு வாயு நுரையீரலைக் கெடுத்தது. எந்த ஓவராலும் மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்து தராது. உடை வாங்கித் தரும் நொடிகளுக்குள் வந்துசேர ஆள் இல்லையென்றால் அந்த நொடிகள் வீண். பஹ்ரைனில் மருத்துவக் கார் முதல் சுற்றில் கூட்டத்தின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது, 11 நொடியில் இடத்தை அடைந்தது.

இரண்டு குடும்பம், இரண்டு எண்

உலகப் பந்தயங்களில் எஃப்.ஐ.ஏ. தரநிலை செல்லும். அமெரிக்காவில் பெரும்பாலும் எஸ்.எஃப்.ஐ. என்ற அமைப்பின் தரநிலை. இரண்டும் வெவ்வேறு முறையில் அளப்பதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

எஸ்.எஃப்.ஐ. 3.2ஏ என்ற வகையில் சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் மட்டத்தைக் குறிக்கும். அதன் அடிப்படை டி.பி.பி. என்ற வெப்பக் காப்பு மதிப்பு. சோதனையில் நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 2 கலோரி பாய்வதால், டி.பி.பி. மதிப்பை 2-ஆல் வகுத்தால் இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்படும் நேரம் கிடைக்கும். 3.2ஏ/1-க்கு டி.பி.பி. 6, அதாவது 3 நொடி. 3.2ஏ/5-க்கு 19, ஏறத்தாழ 10 நொடி. 3.2ஏ/15-க்கு 60, 30 நொடி. 3.2ஏ/20-க்கு 80, 40 நொடி. எண் 5 என்றால் ஐந்து நொடி என்றோ ஐந்து அடுக்கு என்றோ நினைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் தவறு.

40 நொடி உடை இருக்கிறதே, எல்லாரும் அதையே போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். அது நேர்கோட்டில் குறுந்தூரம் சீறிப்பாயும் 'டிராக்' பந்தயத்தின் ஃபன்னி கார் போன்றவற்றுக்கானது. அங்கே நைட்ரோமீத்தேன் எரிக்கும் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும், வெடித்தால் தீ அவர் முகத்தை நோக்கியே வரும். ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும், அதனால் மெத்தை போலத் தடித்த உடையைத் தாங்கிக்கொள்ளலாம். அதையே போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் வட்டமடித்தால் ஓட்டுநர் வெப்பத்தாக்கில் மயங்கிவிடுவார்.

கோ-கார்ட் எனும் சிறு திறந்த வண்டிப் பந்தயத்துக்கான உடையோடு காருக்குள் ஏறுவது நம் ஊரிலும் வெளியிலும் அடிக்கடி நடக்கும் தவறு. கார்ட்டில் ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டுத் தரையில் தேய்வதுதான் முதன்மையான ஆபத்து. அந்த உடைக்கு விதித்திருப்பது உராய்வுச் சோதனை. துணி பெரும்பாலும் நைலான் வகை. பார்க்க ஓவரால் போலவே இருக்கும், தீயில் உருகும். மோட்டார் சைக்கிள் தோல் உடையும் இந்த வேலைக்கு உரியதன்று.

கை, கால், தலை

கையுறையில்தான் தரநிலையின் பலவீனம் வெளிப்படுகிறது. ஸ்டியரிங்கில் நுண்ணிய பொத்தான்களைத் தொட்டு இயக்க வேண்டும், விரல் நுனியில் பிடிமானம் தெரிய வேண்டும். அதனால் உள்ளங்கை மெல்லிய தோல் அல்லது ரப்பர் பதித்த துணி, புறங்கை ஓரிரண்டு அடுக்கு. அதற்கு உள்ளே இன்னோர் அடுக்கு அணியும் வழக்கமும் இல்லை. உடம்பில் ஓவராலுக்கு அடியில் காற்றும் உள்ளாடையும் காக்கின்றன. கையில் அந்தக் காற்றே இல்லை. அதோடு, தப்பிக்கிறவர் கையால்தான் சூடான உலோகத்தைப் பிடித்து எழுகிறார், சுடரை விலக்குகிறார். குரோஜானின் காயம் கைகளில் குவிந்ததை இந்த மூன்றையும் வைத்தே புரிந்துகொள்ள முடியும். 2018-இலிருந்து ஃபார்முலா 1 கையுறைகளில் நாடித்துடிப்பையும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் அனுப்பும் சிறிய உணரி பொருத்தப்படுகிறது. எரியும் காருக்குள் ஆள் எப்படி இருக்கிறார் என்பதை வெளியிலிருந்து அறிய அது உதவும்.

ஷூவுக்கு ஓவராலை ஒட்டிய அளவிலேயே தேவை விதிக்கிறார்கள். அடிப்பகுதி எண்ணெயிலும் பெட்ரோலிலும் கரையக் கூடாது. கயிறு உருகினால் ஷூ கழன்றுவிடும், அதனால் கயிறும் தீத்தடுப்பு இழை.

பாலக்ளாவாவின் கீழ்விளிம்பைப் பலரும் கழுத்துக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள். அது உள்ளாடைக் கழுத்துக்குள் செருகியிருக்க வேண்டும். ஓவராலின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, பட்டையை ஒட்டி மூட வேண்டும். தீ எப்போதும் விளிம்பைத் தேடும்: கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால். கையுறையின் வாய் ஓவரால் கையை மூடியிருக்கிறதா, ஷூவின் மேல்விளிம்பு கால்பட்டிக்கு உள்ளே இருக்கிறதா, காலுறை உள்ளாடைக் காலின் மேல் ஏறியிருக்கிறதா என்று மூன்று இடங்களையும் காருக்குள் உட்கார்ந்த பிறகு மறுபடி பார்ப்பது நல்ல அணிகளில் வழக்கம்.

தோளில் இருக்கும் பட்டைகள் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். மயங்கிய ஓட்டுநரை இருக்கையோடோ தனியாகவோ மேலே இழுக்க மீட்புக்குழு பிடிப்பது அவற்றைத்தான். உடம்பின் எடையைத் தாங்கும்படி அவை ஓவராலின் கட்டமைப்போடு சேர்த்துத் தைக்கப்படுகின்றன.

ஓட்டத்தின் நடுவே கார்கள் நின்று போகும் குழித்தடத்தில் (பிட் லேன்) எரிபொருள் நிரப்புபவர்களுக்கும் இந்த விதி பொருந்தும். 1981 இண்டியானாபொலிஸில் ரிக் மியர்ஸ் காரில் பற்றிய மெத்தனால் தீ பகலில் கண்ணுக்கே தெரியவில்லை. 1994 ஹோக்கன்ஹைமில் யோஸ் வெர்ஸ்டாப்பன் காரில் எரிபொருள் நிரப்பும்போது தீ மூண்டது. ஃபார்முலா 1 இல் 2010-இலிருந்து ஓட்டத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவதே இல்லை. நீள்நேரப் பந்தயங்களில் இன்னும் உண்டு, குழாய் பிடிப்பவர் ஓட்டுநருக்குச் சமமாக மூடியிருக்க வேண்டும்.

சலவையும் பேட்ச்சும் வெயிலும்

வாங்கிய அன்று தேறிய உடையை வீட்டில் கெடுப்பது எளிது. துணி மென்மையாக்கும் கண்டிஷனர் இழைமேல் கொழுப்புப் படலத்தை விட்டுவிடும், அந்தப் படலம் எரியும். ப்ளீச் இழையைத் தின்னும். உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, ஜிப்பை மூடி, மிதமான சலவைத்தூளில், லேபிளில் போட்டிருக்கும் வெப்பத்துக்கு மேல் போகாமல் துவைத்து, நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் காயப்போடுவது நமக்குக் கைவந்த பழக்கம். அராமிட் இழைக்குப் புற ஊதாக் கதிர் ஆகாது, நிறம் வெளிறும், இழுவிசை குறையும். கேரேஜ் சுவரில் ஜன்னலோரம் மாதக்கணக்கில் தொங்கும் ஓவரால் சத்தமில்லாமல் பலவீனமாகிக்கொண்டே இருக்கும்.

பெட்ரோலோ எண்ணெயோ பட்ட ஓவராலை அப்படியே போட்டுக்கொண்டு ஏறக் கூடாது. சோதனைக்கூடத்தில் துணியைச் சுத்தமாக, உலர்ந்த நிலையில்தான் சுடரில் காட்டினார்கள். பெட்ரோலை உறிஞ்சிய துணியில் இழை எரியாமல் இருந்தாலும் பெட்ரோல் எரியும், தோலோடு ஒட்டி எரியும்.

விளம்பரச் சின்னங்கள் இன்னொரு ஓட்டை. ஸ்பான்சர் பேட்ச்சை மெஷினில் வெப்பத்தால் ஒட்டினால் அந்தப் பசை உருகும், அடியில் உள்ள அடுக்குகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்று போய்விடும். எம்பிராய்டரி மூன்று அடுக்கையும் துளைத்துத் தைத்தால் அதே கதிதான்: நூறு தையல் போட்ட இடத்தில் மூன்று அடுக்கு ஒரே அடுக்காகிவிடும். எஃப்.ஐ.ஏ. விதி எம்பிராய்டரியை வெளி அடுக்கில் மட்டுமே அனுமதிக்கிறது. பேட்ச்சின் அடித்துணியும் தைக்கும் நூலும் தீத்தடுப்பாக இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு டெய்லர் நைலான் நூலில் தைத்துத் தருவது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கூடாது. கை நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது போன்ற வேலையும் தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும்.

வெயில் நம்மைப் போன்ற ஊர்களுக்கு உரிய சிக்கல். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நண்பகலில் மூடிய காருக்குள் உட்கார்ந்தவருக்கு உள்ளாடையைக் கழற்றிப் போடத் தோன்றுவது இயல்பு. அங்கேதான் கணக்கு கவிழ்கிறது. கழற்றியவுடன் இழப்பது 5 நொடியோடு நிற்பதில்லை, நடுவே இருந்த காற்றும் போகிறது. வியர்வையில் நனைந்த ஓவரால் நேராகத் தோலில் ஒட்டும், ஒட்டிய இடத்தில் வெப்பம் தடையின்றிப் பாயும், ஈரம் ஆவியாகிச் சுடவும் செய்யும். ஓட்டத்துக்கு முன் காய்ந்த உள்ளாடை ஒன்றை மாற்றிக்கொள்ளக் கையோடு வைத்திருப்பது இதற்கு மலிவான தீர்வு.

உலக அளவிலும் இந்தப் பிரச்சினை பேசப்படுகிறது. 2023 கத்தார் ஓட்டத்தில் ஓட்டுநர்கள் பலர் வெப்பத்தில் துவண்டார்கள், லோகன் சார்ஜென்ட் பாதியிலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கினார். அதன் தொடர்ச்சியாக, வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று முன்கணிப்பு வந்தால் வெப்ப ஆபத்து அறிவிக்கும் விதி ஃபார்முலா 1-இல் வந்தது. குளிர்நீர் ஓடும் குழாய்கள் தைத்த உள்ளாடையும் காரில் அதற்கான கருவியும் இதன் பகுதி. 2025 சிங்கப்பூரில் இது முதல்முறையாக அறிவிக்கப்பட்டது. அங்கேயும் நிபந்தனை மாறவில்லை: தோலைத் தொடும் எதுவும் தீத்தடுப்பாக இருந்தாக வேண்டும், அந்தக் குழாய்களும் சேர்த்து.

பழைய உடை வாங்குபவர் பார்க்க வேண்டியவை சில உண்டு. 8856-2018 உடைகளில் தயாரித்த ஆண்டிலிருந்து 10 ஆண்டுக் காலாவதி லேபிளிலேயே போட்டிருக்கும். லேபிள் துணியோடு எம்பிராய்டரி செய்திருக்க வேண்டும். மாதிரியின் பெயரும் அனுமதி எண்ணும் எஃப்.ஐ.ஏ.வின் தொழில்நுட்பப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம், போலி லேபிள்களை முதலில் காட்டிக்கொடுப்பது அந்தப் பட்டியல்தான். பிறகு உடையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இருக்கையும் பெல்ட்டும் தேய்த்த தொடை, முதுகு, தோள் ஆகிய இடங்களில் வெளிச்சம் மற்ற இடங்களைவிட அதிகமாக ஊடுருவினால் அங்கே இழை போய்விட்டது. கவட்டுத் தையலையும் அக்குள் தையலையும் இரண்டு கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை தீயில் சிக்கிய ஓவரால் வெளியே நிறம் மாறாமல் இருந்தாலும், உள் அடுக்கு கரிந்திருப்பது விரித்துப் பிரித்தால்தான் தெரியும். அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.